பரணில் கிடந்த ஜப்பான் கிடார்: விலை தெரிய யாரிடம் போவது?

பெரியப்பா கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். எழுபதுகளில் ஒருமுறை நகோயா துறைமுகத்தில் கப்பல் நின்றபோது வாங்கியது என்று மட்டும் சொல்வார், அதற்கு மேல் அந்தக் கிடாரைப் பற்றி அவருக்கும் தெரியாது. தூத்துக்குடி வீட்டுப் பரணில் பழைய போர்வையில் சுற்றி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கிடந்தது. அவர் போன பிறகு வீட்டைக் காலி செய்தபோது அவர் மகள், என் அக்கா, போன் போட்டாள். "தம்பி, நீதான் கிடார் வாசிப்பல்லா, இது வெல போவுமா, இல்ல சும்மா யாருக்காச்சும் குடுத்துரட்டுமா?"

வாசிக்கத் தெரிவது வேறு, ஒரு பழைய கிடார் எங்கே பிறந்தது என்று கண்டுபிடிப்பது வேறு. உள்ளே ஒட்டியிருந்த லேபிளில் முக்கால்வாசியை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது. மிச்சம் இருந்தது இரண்டே விஷயம்: ஆங்கில எழுத்தில் "நகோயா, ஜப்பான்", அதற்குக் கீழே "எண் 30". பெயர் இருந்த இடத்தில் ஓட்டை.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் படுக்கவைத்துச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். அடுத்த இரண்டு மாதத்தில் நான்கு வழிகளை நானே முயன்று பார்த்தேன், இன்னும் இரண்டை விசாரித்து வைத்திருக்கிறேன். இதே மாதிரி ஒரு பழைய கிளாசிக்கல் கிடார் உங்கள் வீட்டிலும் இருந்தால் எந்த வழி எதற்கு உதவும், எந்த வரிசையில் போக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். வரிசை ரொம்ப முக்கியம். நான் தப்பான வரிசையில் தொடங்கினேன்.

நேராகப் பழைய வாத்தியம் வாங்கி விற்கும் ஒரு கடைக்குத்தான் முதலில் போனேன். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். கடைக்காரர் இரண்டு நிமிடம் பார்த்தார், ஒரு கார்டு அடித்தார், "பழைய ஜப்பான் பீஸ் சார், பிரிட்ஜ் தூக்கியிருக்கு, மூவாயிரம் தரேன்" என்றார். (பிரிட்ஜ் என்பது மேல்பலகையில் ஒட்டியிருக்கும், கம்பிகளின் கீழ் முனையைக் கட்டும் கட்டை.) விற்க மனசில்லை என்றால் புது ஸ்டீல் கம்பி போட்டுத் தருவதாகவும், சவுண்டு நல்லா வரும் என்றும் சொன்னார்.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது, விலை என்று ஒரே ஒரு எண் கிடையாது. கடைக்காரர் உங்களிடம் வாங்கும் விலை ஒன்று, அதே பொருளைச் சரிசெய்து கண்ணாடிக்குள் வைத்து அவர் விற்கும் விலை இன்னொன்று, ஏலத்தில் போகும் விலை மூன்றாவது, இன்ஷூரன்ஸுக்கு எழுதித் தரும் விலை நாலாவது. வாங்கும் விலை பெரும்பாலும் விற்கும் விலையில் பாதிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். வாடகை, ரிப்பேர், மாசக்கணக்கில் விற்காமல் கிடக்கும் அபாயம் எல்லாம் அவர் தலையில். ஆகவே அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொன்ன எண் நம் கேள்விக்கான பதில் இல்லை. இது யார் செய்தது, எப்போது செய்தது என்று அவர் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

இரண்டாவது, அந்த ஸ்டீல் கம்பி. தயவுசெய்து இதை மட்டும் செய்துவிடாதீர்கள். கிளாசிக்கல் கிடாரில் ஆறு நைலான் கம்பியும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ. ஸ்டீல் கம்பி போட்டால், வழக்கமான லைட் செட்டிலேயே 70 கிலோவைத் தாண்டும். உள்ளே இருக்கும் மெல்லிய சட்டங்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பலகை வயிறு தள்ளும், பிரிட்ஜ் பெயரும், கழுத்து வளையும். எங்கள் கிடாரிலும் யாரோ எப்போதோ ஸ்டீல் கம்பி போட்டிருக்கிறார்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தாளை நுழைத்தால் அரை அங்குலம் உள்ளே போனது.

வீட்டுக்குத் திரும்பி வந்து, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: நானே உள்ளே பார்ப்பது. செலவு கிட்டத்தட்ட எதுவும் இல்லை. பல் டாக்டர் வைத்திருக்கும் மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு சின்ன எல்இடி விளக்கு, ஒரு ஸ்கேல், போன் கேமரா. கம்பியைத் தளர்த்திவிட்டு மடியில் வைத்து, சவுண்ட் ஹோல் வழியாக விளக்கை உள்ளே இறக்கிக் கண்ணாடியை மெதுவாகத் திருப்பினால் வேறு ஓர் உலகம் தெரிகிறது. ஐம்பது வருடத் தூசு, ஒரு சிலந்தி வலை, கம்பி மீட்டும் பிக் ஒன்று. வெளியே வார்னிஷ் பளபளப்பில் தெரியாததெல்லாம் உள்ளே அப்பட்டமாகத் தெரியும்.

முதலில் சவுண்ட் ஹோலின் விளிம்பைப் பாருங்கள். மேல்பலகையில் ஓடும் கோடுகள் விளிம்பில் இறங்கி உள்பக்கமும் அப்படியே தொடர்ந்தால் அது முழு மரம். விளிம்பில் சாண்ட்விச் மாதிரி அடுக்கு தெரிந்தால் பிளைவுட். எங்களுடையது முழு ஸ்ப்ரூஸ் (குளிர்நாட்டு ஊசியிலை மரம்), அப்போது கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் பின்பலகை. வெளியே ஓர் இடத்தில் தெரியும் மரக்கோட்டைக் குறித்துக்கொண்டு, அதே இடத்தை உள்ளே கண்ணாடியில் பார்க்க வேண்டும். வெளியே கருஞ்சிவப்பில் அழகான ரோஸ்வுட், உள்ளே சம்பந்தமே இல்லாத வெளிர் மரம். அப்படியென்றால் மேலே ஒட்டியிருப்பது மெல்லிய தாள் மரம்தான்.

அதன் பிறகு நீளம். கழுத்தின் உச்சியில் கம்பிகள் படிந்து வரும் சின்னக் கட்டையிலிருந்து (அதுதான் நட்) பன்னிரண்டாவது ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வரை அளந்து இரண்டால் பெருக்கினால் கம்பி நீளம் வரும். 1800களின் பிற்பகுதியில் ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த கிடார் தயாரிப்பாளர் அந்தோனியோ தே தோரெஸ் நிலைநிறுத்திய 650 மில்லிமீட்டர்தான் இன்றுவரை பொது அளவு. மாட்ரிட் ராமிரெஸ் பட்டறை 664 வரை போனது. உங்களுடையது 620, 630 என்று வந்து உடலும் ஒடுங்கியிருந்தால், அது இன்னும் பழைய பாணிக் கிடாராக இருக்க வாய்ப்பு உண்டு. ட்யூனிங் கீயை இறுக்கியிருக்கும் திருகுகளையும் விடாதீர்கள். கூட்டல் குறி போட்ட ஸ்குரூ 1930களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது. "எங்க தாத்தா 1910ல வாங்கினது" என்று சொல்லப்படும் கிடாரில் அந்த ஸ்குரூ இருந்தால், ஒன்று கீயை மாற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் கதையில் பிசகு. நைலான் கம்பியே 1940களின் கடைசியில்தான் புழக்கத்துக்கு வந்தது, அதற்கு முன் குடல் நரம்புக் கம்பிதான்.

ரூபாய் நோட்டு சரிபார்க்கும் புற ஊதா டார்ச் கிடைத்தால் இருட்டறையில் அடித்துப் பாருங்கள். பழைய ஷெல்லாக் (அரக்கு) பூச்சு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும், பின்னால் தொட்டு மெழுகிய இடங்கள் திட்டுத்திட்டாக வேறு நிறத்தில் காட்டிக்கொடுக்கும். ஆனால் எதையும் துடைக்காதீர்கள், எண்ணெய் போடாதீர்கள், லேபிளை ஈரத்துணியால் தொடவே கூடாது. கையால் செய்த நல்ல கிடாருக்குப் புது வார்னிஷ் அடித்தால் அதன் மதிப்பு அன்றோடு இறங்கிவிடும்.

கண்ணாடியைக் கழுத்து சேரும் கட்டைப் பக்கம் திருப்பியபோதுதான் அது கண்ணில் பட்டது. ஊதா மையில் மங்கலான ஒரு ரப்பர் ஸ்டாம்ப். சீன எழுத்து மாதிரி இரண்டு, பக்கத்தில் 49, இன்னொரு எழுத்து, அப்புறம் 7. போனை உள்ளே விட்டுப் படம் எடுத்து, மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டினேன். ஷோவா 49, ஏழாம் மாதம். ஜப்பானில் சக்கரவர்த்தி ஆட்சிக் காலத்தை வைத்து ஆண்டு எண்ணுவார்கள். ஷோவா முதல் ஆண்டு 1926, ஆகவே ஷோவா எண்ணோடு 1925ஐக் கூட்டினால் போதும். 1974 ஜூலை. பெரியப்பா சொன்ன எழுபதுகளோடு அச்சாகப் பொருந்தியது. பெரியப்பா தொட்டுப் பார்த்திராத ஒரு மூலையில் அந்தத் தேதி ஐம்பது வருடம் காத்திருந்திருக்கிறது. அக்காவுக்கு உடனே அனுப்பினேன். "அப்பா சொன்னது நெசந்தான்" என்று மட்டும் பதில் வந்தது.

ஆண்டு கிடைத்துவிட்டது, இனி இணையத்தில் விலை பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். இங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. கேட்கும் விலையும் விற்ற விலையும் ஒன்றல்ல. எழுபதுகளின் ஜப்பான் கிடாருக்கு ஒருவர் இரண்டு லட்சம் ரூபாய் என்று போட்டு மூன்று வருடமாக வைத்திருப்பார், அதைப் பார்த்துவிட்டு நம் மனசிலும் இரண்டு லட்சம் ஏறிக்கொள்ளும். விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்க வேண்டும். ஜப்பான் கிடாருக்கு ஜப்பானின் உள்நாட்டுச் சந்தையைப் பார்ப்பதுதான் சரி: யாஹூ ஏலத்தில் முடிந்த ஏலங்கள், வாத்தியக் கடைகள் சேர்ந்து விற்கும் டிஜிமார்ட். அமெரிக்க விலையில் கப்பல் செலவும் அரிதான பொருள் என்கிற கூடுதலும் சேர்ந்திருக்கும்.

ஆனால் எதோடு ஒப்பிடுவது? "எண் 30" என்பதைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் காலத்து ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் பலர் மாடல் எண்ணாகவே விலையைப் போடுவார்கள். மசாரு கோனோ 1960களில் மாட்ரிட் போய் ஆர்காங்கெல் ஃபெர்னாந்தெஸிடம் தொழில் பார்த்து வந்தவர், 1967ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரப் போட்டியில் தங்கம் வாங்கியவர். அவருடைய கிடாரில் எண்ணைப் பத்தாயிரத்தால் பெருக்க வேண்டும், எண் 10 என்றால் ஒரு லட்சம் யென். ரியோஜி மாட்சுவோகாவின் பட்டறைக் கிடார்களில் ஆயிரத்தால் பெருக்க வேண்டும். அப்படியானால் எங்கள் 30 மூன்று லட்சம் யென்னா, முப்பதாயிரம் யென்னா? பத்து மடங்கு வித்தியாசம். செய்தவர் யார் என்று தெரியாமல் விலை தேடுவது வீண் என்பது அந்த இரவில்தான் எனக்கு உறைத்தது.

நகோயா என்ற ஊர்ப் பெயரும் தனியாக உதவவில்லை. கோனோ டோக்கியோக்காரர், ஆகவே அவரை விடலாம். ஆனால் லேபிளில் இருப்பது விற்றவரின் முகவரியாக இருக்கலாம், பட்டறையின் முகவரியாக இருக்க வேண்டும் என்று இல்லை. நகோயாவில் சுசுகி வயலின் கம்பெனி இருந்தது, ஆரியா பிராண்டை நடத்திய அராய் கம்பெனி இருந்தது. வேறு பட்டறையில் செய்யவைத்துத் தங்கள் பெயரை ஒட்டி விற்பது அன்றைக்குச் சகஜம். ஜப்பானில் மட்டும் இல்லை. ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஷன் வட்டாரத்தில் வீட்டில் உட்கார்ந்து கிடார் செய்த கைவினைஞர்களின் பெயர் எங்கும் வராது, மொத்த வியாபாரியின் லேபிள்தான் வரும். வாலென்சியா தொழிற்சாலைக் கிடார்களும் எத்தனையோ பெயர்களில் உலகம் சுற்றின. பேர் தெரியாத கிடார் என்று நாம் சொல்வதில் பாதி இப்படி வந்தவைதான்.

இந்தக் கட்டத்தில் வெளிநாட்டு ஏல நிறுவனத்துக்கோ கிளாசிக்கல் கிடார் மட்டும் விற்கும் பெரிய வியாபாரிக்கோ படம் அனுப்பலாமா என்று யோசித்தேன். இங்கிலாந்தின் கார்டினர் ஹோல்கேட் மாதிரி கிடாருக்கென்றே ஏலம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் சிக்காஸ் இருக்கிறது, அமெரிக்காவின் சாந்தா மோனிகாவில் கிடார் சலோன் இண்டர்நேஷனல் இருக்கிறது. இவர்கள் கண்ணில் தினமும் நூறு கிடார் படும். உங்கள் லேபிளில் ஹவுசர், ராமிரெஸ், ஃப்ளேதா, சாந்தோஸ் எர்னாந்தெஸ் மாதிரி ஒரு புகழ்பெற்ற தயாரிப்பாளரின் பெயர் இருந்தால், அல்லது உள்ளே ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதியிருந்தால், நேராக இவர்களிடம் போங்கள், நடுவில் யாரிடமும் விற்காதீர்கள். 1937ல் மியூனிக்கின் ஹெர்மன் ஹவுசர் செய்து, ஸ்பானியக் கிடார் கலைஞர் செகோவியா வாசித்த கிடார் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அந்த வரிசைப் பெயர்களுக்குப் போலி லேபிள் ஒட்டுவதும் பழைய வழக்கம், ஆகவே அங்கே நிபுணர் கண் கட்டாயம். ஆனால் பெயர் கிழிந்த, பின்பலகை பிளைவுட்டான ஒரு கிடாருக்கு அவர்கள் மெனக்கெட மாட்டார்கள், மெனக்கெடச் சொல்வதும் நியாயம் இல்லை.

மர வளையத்தை எண்ணி வயது சொல்லும் சோதனையும் உண்டு. ஸ்ப்ரூஸ் பலகையின் ஆண்டு வளையங்களை அளந்து, ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து மரங்களின் பதிவோடு பொருத்திப் பார்ப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் "மெசையா" ஸ்ட்ராடிவாரி வயலின் மேல் சந்தேகம் எழுந்தபோது, அதன் பலகையின் கடைசி வளையம் 1680களைச் சேர்ந்தது என்று காட்டியது இந்த முறைதான். ஆனால் கிடார் இந்த ஆண்டுக்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதைத்தான் அது சொல்லும், செய்தவர் பெயரைச் சொல்லாது. தோரெஸ் காலத்துக் கிடார் என்று சந்தேகப்பட்டால் யோசிக்கலாம். 1974 என்று ஸ்டாம்ப் அடித்த கிடாருக்குத் தேவையே இல்லை.

கடைசியில் போனது கிடார் செய்து, ரிப்பேரும் பார்க்கும் ஒருவரிடம். லூதியர் என்று பலகை மாட்டியிருக்கவில்லை, வீட்டு மாடியில் ஓர் அறை, சுவர் முழுக்கக் கிளாம்ப். பார்ப்பதற்கு எண்ணூறு ரூபாய் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஒரு மணி நேரம் பார்த்தார். விலை பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கிடாரைக் காதோரம் வைத்து விரல் நுனியால் மேல்பலகையை இடம் இடமாகத் தட்டிக் கேட்டார், ஓர் இடத்தில் மட்டும் சத்தம் சொத்தென்று வந்தது. "இங்க ஒரு சட்டம் விட்டிருக்கு தம்பி." கண்ணாடியில் நானே பார்த்தேன், ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி. நான் நாலு முறை பார்த்தும் என் கண்ணில் படாதது.

அவர் சொன்னதைக் கோர்த்துச் சொல்கிறேன். மேல்பலகை நல்ல ஸ்ப்ரூஸ். உள்ளே விசிறி மாதிரி விரிந்த ஏழு சட்டங்கள், தோரெஸ் வழியில் வந்த ஸ்பானிய அமைப்பு. ஆனால் கழுத்து சேரும் விதம் ஸ்பானிய முறை இல்லை. ஸ்பெயினில் கழுத்து மரமே உள்ளே கால் பாதம் போல நீண்டு பின்பலகையில் படியும், பக்கப் பலகைகள் அதில் வெட்டிய பள்ளத்தில் சொருகியிருக்கும். இதில் தனிச் சதுரக் கட்டை, கழுத்தைத் தனியாகச் செய்து கோத்திருக்கிறார்கள். சட்டங்களின் முனை எல்லாம் ஒரே அச்சில் சீவியது. கையெழுத்து இல்லை, ரப்பர் ஸ்டாம்ப். ஒருவர் உட்கார்ந்து செய்தது இல்லை இது, ஒழுங்கான ஒரு பட்டறையில் பலர் கை மாறி வந்தது. "மூணு லட்சம் யென் கிடாருக்கு எவனும் பிளைவுட் முதுகு போட மாட்டான்" என்றார். அந்த ஒரு வரியில் என் பத்து மடங்குக் குழப்பம் தீர்ந்தது. முப்பதாயிரம் யென். அப்போது ஒரு டாலருக்குச் சுமார் 290 யென், ஆகவே ஏறக்குறைய நூறு டாலர், அன்றைய நம் காசில் எண்ணூறு ரூபாய்ச் சொச்சம். 1974ல் பெரியப்பாவுக்கு அது சின்னப் பணம் இல்லை.

பின்பலகை மேல் ஒட்டிய அந்த மெல்லிய ரோஸ்வுட்டைத் தடவிக்கொண்டே அவர் சொன்னது இன்னொன்று: இது பெரும்பாலும் நம் ஈட்டி மரமாகத்தான் இருக்கும். 1960களின் பிற்பகுதியில் பிரேசில் தன் ரோஸ்வுட்டைக் கட்டையாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியதும் ஸ்பெயினும் ஜப்பானும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டிக்குத்தான் திரும்பின. விற்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். பிரேசில் ரோஸ்வுட் 1992லிருந்து, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சான்று இல்லாமல் நாடு தாண்டி விற்க முடியாது. ஈட்டி உள்ளிட்ட மற்ற ரோஸ்வுட்களும் 2017ல் கட்டுப்பாட்டுக்குள் வந்தன, ஆனால் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. எந்த மரம் என்று தெரியாமல் வெளிநாட்டுக்குப் பார்சல் போடாதீர்கள், சுங்கத்தில் மாட்டினால் கிடாரே போய்விடும்.

இப்போது மறுபடி இணையத்துக்கு வந்தேன், இந்த முறை எதைத் தேடுகிறேன் என்று தெரியும்: எழுபதுகள், ஜப்பான், முழு ஸ்ப்ரூஸ் மேல், பிளைவுட் முதுகு, முப்பதாயிரம் யென் ரகம். நான் பார்த்த, விற்று முடிந்தவை பெரும்பாலும் பத்தாயிரம் யென்னிலிருந்து முப்பதாயிரம் வரை. நம் காசில் ஐயாயிரத்துச் சொச்சம் முதல் பதினேழாயிரம், அதுவும் பிரிட்ஜ் சரியாக இருந்தால். அப்படிப் பார்த்தால் அந்தக் கடைக்காரர் சொன்ன மூவாயிரம் அவர் கணக்கில் சரிதான். ஆனால் இது முழு மர முதுகும் உள்ளே ஒரு கையெழுத்தும் கொண்ட கிடாராக இருந்திருந்தால்கூட அதே இரண்டு நிமிடமும் அதே மூவாயிரமும்தான் வந்திருக்கும், நாங்களும் கொடுத்துவிட்டு வந்திருப்போம்.

ஆகவே என்னைக் கேட்டால், முதல் நாள் கண்ணாடியும் விளக்கும். அதில் பிளைவுட் மேல்பலகை என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், மேலே செலவழிக்க வேண்டாம், வாசிக்கப் பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். முழு மரம் என்றால் காசு கொடுத்துக் கிடார் செய்கிறவரிடம் ஒரு மணி நேரம், உங்கள் ஊரில் இல்லை என்றால் ரயில் ஏறியாவது. வியாபாரியும் ஏல நிறுவனமும் அவர் "இது கையால் செய்தது" என்று சொன்ன பிறகு. வாங்கி விற்கும் கடை எல்லாவற்றுக்கும் கடைசியில், விற்பது என்று முடிவான அன்றைக்கு.

அக்காவிடம் மூன்று எண்ணையும் சொன்னேன்: இப்படியே விற்றால் மூவாயிரம், சரிசெய்து பொறுமையாக விற்றால் பன்னிரண்டாயிரம் வரலாம், சரிசெய்ய நாலாயிரத்து ஐந்நூறு. கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரிபண்ணிரு. விக்காண்டாம்" என்றாள்.

பிரிட்ஜைக் கழற்றி மறுபடி ஒட்டி, விட்டுப்போன சட்டத்துக்குப் பசை ஏற்றி, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஐந்தரை மில்லிமீட்டர் உயரத்தில் நின்ற தடித்த கம்பியை நாலுக்கு இறக்கிக் கொடுத்தார். நைலான் கம்பி போட்டு, முதல் வாரம் முழுக்கச் சுருதியைக் குறைத்தே வைக்கச் சொன்னார், பலகை பழகட்டும் என்று. ராமபாணம் தின்று மிச்சமிருந்த லேபிளைத் தொடாமல் அப்படியே விட்டிருக்கிறோம். தீபாவளிக்கு அக்கா மகள் வருகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். பெட்டி மட்டும் இன்னும் வாங்கவில்லை.